ரத்தம் கொடுத்த சொந்தங்களுக்கு நன்றி, கூடவே ஒரு வேண்டுகோள்



எட்டு மாசம் கழிச்சு உங்க முன்னாடி வர்றேன். இந்தப் பக்கத்துல நீங்க வழக்கமா படிக்கிறது மாநாட்டு அறிவிப்பு, கண்டன அறிக்கை, தலைவரோட உரை. இன்னிக்கு ஒரு ஒன்றியப் பொறுப்பாளர் தன் உடம்பைப் பத்தி எழுத இடம் கேட்டேன். மறுப்பு சொல்லாமல் கொடுத்தாங்க. முதல் நன்றி அதுக்கு.

நிறைய பேர் போன்ல கேட்டீங்க, "அண்ணே, என்னதான் ஆச்சு?"ன்னு. சிலர் மஞ்சள் காமாலைனு நினைச்சீங்க. ஒரு குரூப்ல நான் போய்ச் சேர்ந்துட்டதாவே செய்தி ஓடியிருக்கு. அதனால தெளிவா சொல்லிடுறேன். எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். ஃபைல்ல "அக்யூட் மைலாய்டு லுக்கீமியா"ன்னு எழுதியிருந்தாங்க. எலும்பு மஜ்ஜையில ரத்த அணுக்கள் உருவாகுற இடத்துலயே கோளாறு. முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமே இல்லாமல் செஞ்சிடும். ரெண்டு வாரக் காய்ச்சல், பல் தேய்க்கும்போது ரத்தம், படி ஏறினா மூச்சு வாங்குறது. எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது.

இதுக்கு முதல் சிகிச்சை ஏழு நாள் கீமோ. கெட்ட அணுக்களை அழிக்கிற அந்த மருந்து நல்லதையும் சேர்த்து அழிச்சிடும். மஜ்ஜை காலியாயிடும். அது மறுபடி முளைச்சு வர மூணு நாலு வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் கண்டம். ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தருக்கு ரத்தத்துல பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். பத்தாயிரத்துக்குக் கீழ போனா அடிபடாமலே எங்க வேணும்னாலும் ரத்தக் கசிவு வரலாம், மூளையில கூட. அதனால உடனே ஏத்துவாங்க. எனக்கு ஒரு நாள் காலைல வந்த ரிப்போர்ட் ஆறாயிரம்.

மருந்து நோயை அடிக்கும். அது அடிக்கிற காலத்துல ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது அடுத்தவங்க ரத்தம். பணம் எவ்வளவு இருந்தாலும் அதைத் தொழிற்சாலையில செய்ய முடியாது. இன்னொரு மனுஷன் கையை நீட்டினாத்தான் உண்டு. இது பேச்சுக்காகச் சொல்றது இல்லை. என் தலைமாட்டுல தொங்குன ஒவ்வொரு பையிலயும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். அந்த நம்பருக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தார்.

அந்த ஆட்களை என் மனைவி ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. பிள்ளையோட பழைய கணக்கு நோட்டு. தேதி, பேரு, ஊரு, குரூப், ரத்தமா பிளேட்லெட்டா, வந்த பஸ், சாப்பிட்டாரா இல்லையா. "சாப்பிடலை, அவசரமாப் போயிட்டார்"னு அஞ்சாறு இடத்துல இருக்கு. வீட்டுக்கு வந்த பிறகு அந்த நோட்டை முழுசா படிச்சேன். எட்டு மாசத்துல 58 பேர். அதுல நம்ம கட்சிக்காரங்க 37. மிச்சம் 21 பேர்ல எதிர்க்கட்சி வார்டு கவுன்சிலர் ஒருத்தர் இருக்கார். உள்ளாட்சித் தேர்தல்ல அவரும் நானும் மைக்கு பிடிச்சுப் பேசின பேச்சை இந்தப் பக்கத்துல மறுபடி எழுத முடியாது. அந்த மனுஷன் ரெண்டு தடவை மதுரைக்கு வந்து, மெஷின்ல ஒரு மணி நேரத்துக்கு மேல கையை நீட்டிப் படுத்திருந்துட்டு, என்னைப் பார்க்காமலே போயிட்டார். நோட்டுல அவர் பேருக்கு நேரா என் மனைவி ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, நான் கவனிக்கணும்னு.

"கட்சிக்காரனுக்குக் கட்சிக்காரன் செய்யுறது கடமை, இதுக்கெல்லாம் எதுக்குண்ணே நன்றி"ன்னு தம்பிங்க சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. கடமைனு சொன்னதும் செஞ்சவங்க அருமை குறைஞ்சிடுது. ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்து, மறுநாள் கூலியை விட்டுட்டு, அருப்புக்கோட்டையில இருந்து முதல் பஸ் பிடிச்சு வர்றதுக்கு எந்தக் கட்சி விதியிலயும் இடம் இல்லை. அவர் வராமல் இருந்திருந்தா யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. ஆனா வந்தார். அதனால பேரு பேரா நன்றி சொல்லித்தான் ஆகணும். பேரை இங்க போட்டா அவங்களுக்குக் கூச்சம், அதனால போடலை. அவங்கவங்க வீட்டுக்கு நேர்ல வருவேன்.

சரி, நன்றிங்கிற வார்த்தையோட இந்தப் பதிவை முடிச்சிருக்கலாம். கமெண்ட்ல நாலு கும்பிடு, நாலு இதயம் போட்டுட்டு நீங்களும் அடுத்த பதிவுக்குப் போயிருப்பீங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் பார்த்த சில விஷயங்களை உங்ககிட்ட சொல்லாமல் விட மனசு வரலை.

முதல்ல, பார்க்க வந்தவங்களைப் பத்தி. கோவிச்சுக்காதீங்க. கீமோ முடிஞ்ச நோயாளிக்கு வெள்ளை அணு கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கும். அந்த நேரத்துல உங்களுக்கு வர்ற சாதாரண சளி எனக்கு நிமோனியா. பூங்கொத்துலயும் மாலையிலயும் பூஞ்சை இருக்கும். தோல் உரிக்காமல் சாப்பிடுற பழம் ஆகாது. பச்சைத் தண்ணி ஆகாது. ஆனா நம்ம பண்பாடு என்ன? ஒரு பொறுப்பாளர் படுத்துட்டார்னா வேன் பிடிச்சுப் பதினஞ்சு பேர், கையில ஆப்பிள், திராட்சை, ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பொன்னாடை. வந்து நின்னு ஒரு போட்டோ. அந்தப் போட்டோ அன்னிக்கு ராத்திரியே பேஸ்புக்ல. அன்பு இல்லாமல் யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டாங்க, எனக்குத் தெரியும். ஆனா வார்டு வாசல்ல எங்க ஒன்றியத்து இளைஞரணித் தம்பி ஒருத்தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, மாவட்டப் பொறுப்பில இருக்கிறவங்களைக் கூட உள்ளே விடலை. "அண்ணனைப் பார்க்க வேண்டாம். கீழ ரத்த வங்கி இருக்கு, உங்க குரூப் என்ன?"ன்னு கேட்டிருக்கான். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாம். நாலு பேர் கீழ போய் ரத்தம் கொடுத்திருக்காங்க. என் உயிரைக் காப்பாத்தினவங்க பட்டியல்ல அந்த ஸ்டூலுக்கும் ஒரு இடம் உண்டு.

இனி முக்கியமான விஷயம். தலைவர் பிறந்தநாள் ரத்ததான முகாம்.

நம்ம கட்சி மட்டும் இல்லை, தமிழ்நாட்டுல எல்லாக் கட்சியும், எல்லா நடிகர் மன்றமும் வருஷாவருஷம் நடத்துறதுதான். நல்ல பழக்கம். கட்அவுட்டுக்குப் பால் ஊத்துறதை விட ஆயிரம் மடங்கு நல்லது. காசு வாங்கிட்டு ரத்தம் விக்கிறதை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரியோட இந்த நாட்டுல தடை பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் தானமா வர்ற ரத்தத்தை நம்பித்தான் எல்லா ஆஸ்பத்திரியும் ஓடுது. அந்தத் தானத்துல கட்சித் தொண்டனோட பங்கை யாரும் குறைச்சுச் சொல்ல முடியாது.

ஆனா ரத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. எடுத்த ரத்தத்துல சிவப்பணுவைப் பிரிச்சு, அதுக்கான திரவம் சேர்த்துக் குளிர்ல வச்சா அதிகபட்சம் 42 நாள் தாங்கும். சாதாரணப் பையில 35 நாள்தான். பிளேட்லெட் அஞ்சே நாள். அதையும் குளிர்சாதனப் பெட்டியில வைக்க முடியாது. 20-லிருந்து 24 டிகிரி சூட்டுல, ஆட்டிக்கிட்டே இருக்கிற தட்டுல வைக்கணும். ஆறாவது நாள் குப்பைத் தொட்டி. அடுத்தது, ஒருத்தர் ஒரு தடவை ரத்தம் கொடுத்தா ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி விடணும்.

இப்போ நீங்களே கூட்டிப் பாருங்க. ஒரு ஒன்றியத்துல ரத்தம் கொடுக்கத் தயாரா இருக்கிற 200 பேரும் ஒரே நாள்ல கொடுத்துட்டா என்ன ஆகும்? அந்த வாரம் ரத்த வங்கி நிரம்பி வழியும். 200 பேரோட பிளேட்லெட் அஞ்சு நாளைக்குள்ள அத்தனையும் தேவைப்படுமா, தெரியாது. ஆறு வாரம் கழிச்சு சிவப்பணுவும் தீர்ந்திருக்கும். அதே நேரத்துல அந்த 200 பேர்ல ஒருத்தர்கூட மூணு மாசத்துக்குத் திரும்பக் கொடுக்க முடியாது. ஐம்பதாவது நாள் நம்ம ஊர்ல ஒரு பொண்ணுக்குப் பிரசவத்துல ரத்தப்போக்கு வந்தா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட வேண்டிய எல்லாரும் முகாம்ல வாங்கின சர்டிபிகேட்டோட வீட்ல உட்கார்ந்திருப்பாங்க.

எனக்கு ரெண்டாவது கீமோ நடந்தது கோடையில. காலேஜ் லீவு. மாணவர் முகாம் கிடையாது. ரத்த வங்கியில இருந்தவர் கையை விரிச்சார். அவரைக் குத்தம் சொல்ல எதுவும் இல்லை. அவர் என்ன, சொந்தமாவா தயாரிக்கிறார்? எங்க ஒன்றியத்துப் பசங்க பாதிப் பேர் போன மாசம்தான் ஒரு முகாம்ல கொடுத்திருந்தாங்க. அன்னிக்கு எனக்குக் கிடைச்ச ரெண்டு யூனிட், பக்கத்து ஒன்றியத்துல முகாமுக்குப் போகாமல் தப்பிச்ச ரெண்டு பேரால கிடைச்சது. ஒருத்தர் அன்னிக்கு ஊர்ல இல்லை. இன்னொருத்தருக்கு ஊசின்னா பயம்! பயந்தவர்தான் கடைசியில வந்தார்.

அதனால என் வேண்டுகோள் இதுதான். பிறந்தநாள் முகாமை நிறுத்தச் சொல்லலை. அதைப் பிரிங்க. ஒன்றியத்துல 12 கிளை இருந்தா மாசத்துக்கு ஒரு கிளை. பிறந்தநாள் அன்னிக்கு ஒரு கிளை கொடுக்கட்டும், மிச்சப் பேர் பேரைப் பதிவு பண்ணட்டும். போட்டோவுல கூட்டம் குறைவாத் தெரியும், மேடையில சொல்லிக்கிற எண்ணிக்கை சின்னதா இருக்கும். "பக்கத்து மாவட்டம் 500 யூனிட், நாம வெறும் 20 யூனிட்டா"ன்னு யாராவது கேப்பாங்க. வருஷக் கணக்கைக் காட்டுங்க.

எண்ணிக்கைக்காக ஆள் பிடிக்கிறதையும் விட்டுடுங்க. 18 வயசு நிரம்பியிருக்கணும், எடை குறைஞ்சது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. இதுக்குக் கீழ இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம மகளிரணித் தங்கச்சிங்க நிறைய பேர் ஹீமோகுளோபின்லதான் திரும்பி வர்றாங்க. வந்து ஏதோ தோத்துப் போன மாதிரி உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு அங்கேயே ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸை வச்சு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு பண்ணினா, அந்த முகாம் ரத்தம் எடுக்கிறதை விடப் பெரிய வேலை செஞ்சிருக்கும். இன்னொன்னு, படிவத்துல கேக்குற கேள்விக்கு உண்மையைச் சொல்ல விடுங்க. எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., ரெண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியான்னு சோதிச்சுத்தான் ஏத்துறாங்க. ஆனா தொற்று வந்த ஆரம்ப நாட்கள்ல சோதனையில அது தெரியாமல் போகலாம். பக்கத்துல நின்னு "சும்மா டிக் அடிச்சுக் குடுடா, நேரமாகுது"ன்னு நாம அவசரப்படுத்தினா, அதோட விலையை முகம் தெரியாத ஒரு நோயாளி கொடுப்பார்.

பிளேட்லெட் தானம் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்கள்ல பல பேருக்கு அது தெரியலை. மெஷின் மூலமா ஒரு கையில ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தை உங்களுக்கே திருப்பி ஏத்திடுவாங்க. ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். சாதாரண முறையில ஆறு பேர்கிட்ட எடுக்கிறதுக்குச் சமமான பிளேட்லெட் ஒரே ஆள்கிட்ட கிடைக்கும். ரெண்டு நாள் இடைவெளி விட்டா மறுபடி கொடுக்கலாம், வருஷத்துக்கு 24 தடவை வரை. கை நரம்பு நல்லா இருக்கணும். முந்தின மூணு நாள்ல ஆஸ்பிரின் மாத்திரை போட்டிருக்கக் கூடாது. முழு ரத்தம் கொடுத்த கையோட இதையும் எடுத்துக்க மாட்டாங்க, அதனால இதுக்குத் தனிப் பட்டியல் வேணும். ஒன்றியத்துக்குப் பத்தே பேர் போதும். எனக்கு அப்படி நாலு பேர் அமைஞ்சாங்க. ஒருத்தர் லோடு ஆட்டோ ஓட்டுறவர், ஆறு தடவை வந்தார். ஆறு நாள் வாடகை போச்சு. கேட்டா, "படுத்துக்கிட்டு டி.வி. பார்த்தேன், எனக்கென்ன"ங்கிறார்.

வாட்ஸ்அப்ல ரத்தம் கேட்டுச் செய்தி அனுப்புறதையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவோம். "அவசரம் அவசரம், ஓ நெகட்டிவ் தேவை, உடனே பகிரவும்"னு ஒரு செய்தி வரும். தேதி இருக்காது, ஆஸ்பத்திரி பேரு இருக்காது. போன் பண்ணினா அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின செய்தி, அந்த நோயாளி எப்பவோ இறந்திருப்பார். அந்த வீட்டுக்கு இன்னும் போன் போயிக்கிட்டு இருக்கும். அந்தக் குடும்பத்து மனசு என்ன பாடுபடும்னு நினைச்சுப் பாருங்க. தேதி, நேரம், ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட், யாரைக் கூப்பிடணும் இதெல்லாம் இல்லாத செய்தியைப் பகிராதீங்க. கிடைச்சதும் "கிடைச்சாச்சு"ன்னு அதே குரூப்ல போடுங்க.

எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான். பத்தொன்பது வயசு. மலைக் கிராமம். கூட அப்பா மட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, போன்ல நம்பர் சேமிக்கக்கூடத் தெரியாது. பையனுக்கு பிளேட்லெட் கேட்டு ரத்த வங்கியில சொன்னப்போ, "ரெண்டு டோனர் கூட்டிட்டு வாங்க"ன்னு சீட்டு கொடுத்திருக்காங்க. அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு அந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில முன்பின் தெரியாதவங்ககிட்ட எல்லாம் காட்டியிருக்கார். ஒன்றரை நாள். அதே வார்டுல எனக்கு, வேணாம்னு சொல்ற அளவுக்கு ஆள் வந்துக்கிட்டு இருந்தாங்க.

என் மனைவி இதைப் பார்த்துட்டுத்தான் வாசல்ல இருந்த தம்பிகிட்ட சொன்னாங்க, அந்தப் பையனுக்கும் சேர்த்து ஆள் கேளுன்னு. அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு பேர் வந்தாங்க. அந்த அப்பா அவங்ககிட்ட கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடணும் சாமி?" தம்பி போன்ல இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு உதவி கிடைச்சதும் அதுக்கு விலை என்னன்னு கேக்குற அளவுக்கு அந்த மனுஷனை யாரோ பழக்கியிருக்காங்க. நாம எல்லாருமா சேர்ந்துதான் பழக்கியிருக்கோம், எல்லாக் கட்சியும். நம்ம தம்பி, "ஓட்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம்யா, டீ குடிச்சீங்களா?"ன்னு கேட்டிருக்கான். அந்த ஒரு பதிலுக்காக அவனை எங்க வேணும்னாலும் மேடையில ஏத்தலாம்.

அந்தப் பையன் பிழைக்கலை. பிளேட்லெட் கிடைச்சது, ஆனா தொற்று வந்து மூணு வாரத்துல போயிட்டான். நான் பிழைச்சதுக்கும் அவன் பிழைக்காததுக்கும் நடுவுல கட்சிதான் காரணம்னு சொன்னா அது பொய். நோய்க்கு நோய் வேறுபாடு உண்டு, உடம்புக்கு உடம்பு வேறுபாடு உண்டு. ஆனா அந்த ஒன்றரை நாள் அவங்க அப்பா அலைஞ்ச அலைச்சல் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு நிமிஷம்கூட வரலைங்கிறது உண்மை. அது நான் நல்லவன்கிறதால வரலை, எனக்குப் பின்னாடி ஒரு கூட்டம் இருந்ததால வரலை. கூட்டம் இல்லாதவன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நாம "மக்களுக்கான கட்சி"ன்னு எழுதிக்கிட்டு இருக்க முடியாது.

தமிழ்நாட்டு அரசியல்ல நோய்க்குத் தனி வரலாறே இருக்கு. அறிஞர் அண்ணா முதலமைச்சரா இருக்கும்போதே புற்றுநோய் வந்து, 1968-ல அமெரிக்கா போய் சிகிச்சை எடுத்துட்டு வந்தும், 1969 பிப்ரவரி 3-ல நம்மை விட்டுப் போனார். அவர் பேர்ல காஞ்சிபுரம் பக்கத்துல காரப்பேட்டையில அரசு புற்றுநோய் மருத்துவமனை நிக்குது. 1984-ல எம்.ஜி.ஆர். படுத்தப்போ கோயில், மசூதி, தேவாலயம்னு வித்தியாசம் இல்லாமல் பிரார்த்தனை நடந்ததைப் பெரியவங்க இன்னமும் சொல்வாங்க. மண்சோறு சாப்பிட்டவங்க, மொட்டை போட்டவங்க எத்தனையோ பேர். அந்தத் தேர்தல்ல அவர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில இருந்தபடியே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சார். ஆனா அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவரோட அண்ணன் மகள் லீலாவதி. பிரார்த்தனையை நான் கேலி பண்ணலை. எனக்காக எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல அக்காமார் தீச்சட்டி எடுத்திருக்காங்க, தர்காவுல பாத்தியா ஓதியிருக்காங்க. அதெல்லாம் கேள்விப்பட்டப்போ கண்ணு கலங்குச்சு. தீச்சட்டி எடுத்த அக்காமார்ல மூணு பேர் ரத்தமும் கொடுத்திருக்காங்கன்னு நோட்டுல பார்த்தப்போ இன்னும் கொஞ்சம் கலங்குச்சு.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்ததுன்னு இளம் தோழர்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலியோட பல வருஷம் கேட்ட கதவையெல்லாம் தட்டி, இந்திய மாதர் சங்கம் மூலமா 1954-ல 12 படுக்கையோட அதை ஆரம்பிச்சார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்க்கையையே அங்க கொடுத்தாங்க. ஒரு வீட்டுத் துக்கம் ஊருக்கே ஆஸ்பத்திரியா ஆச்சு. நம்மால ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஒரு நோட்டு போட முடியும்.

வீட்டுப் பக்கம் நடந்ததையும் சொல்லிடுறேன், அதுவும் ரத்தம் மாதிரிதான். எட்டு மாசமும் எங்க வீட்டு ரெண்டு மாட்டையும் கவனிச்சு, பாலைச் சொசைட்டியில ஊத்தி, காசை என் அம்மா கையில கொடுத்தது எதிர் வீட்டுக் குடும்பம். பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு முறை வச்சு நாலு வீட்ல இருந்து வந்திருக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று வேணும். கிளைச் செயலாளர் தன் வேலையை விட்டுட்டு வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்து அந்தப் பேப்பரை வாங்கினார். குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரை அந்தத் திட்டத்துல சிகிச்சை கிடைக்கும். அது யாரோட ஆட்சியில வந்ததுன்னு கமெண்ட்ல சண்டை போடாதீங்க, தயவுசெஞ்சு. உங்க தெருவுல இன்னும் அந்த அட்டை இல்லாத குடும்பம் எதுன்னு பாருங்க. நோய் வந்த பிறகு ஓடுறதை விட, நல்லா இருக்கும்போதே எடுத்து வச்சுக்கிறது புத்திசாலித்தனம். பணமா உதவினவங்களும் உண்டு. அது தனிக் கணக்கு. என் மனைவி அதையும் எழுதி வச்சிருக்காங்க. அதுல திருப்பிக் கொடுக்கக்கூடியதைக் கொடுத்துடுவேன்.

ரத்தக் கணக்கைத்தான் திருப்பிக் கொடுக்க முடியாது. லுக்கீமியா வந்து குணமானவங்ககிட்ட ஆயுசுக்கும் ரத்தம் எடுக்க மாட்டாங்க. இதுக்கு முன்னாடி 22 தடவை கொடுத்தவன் நான். இனிமே ஒரு தடவை கூட முடியாது. டாக்டர் அதைச் சொன்னப்போ, முடி கொட்டினப்போ வராத வருத்தம் எனக்கு வந்தது. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். எனக்குப் பதிலா நீங்க கொடுக்கணும்.

இன்னொரு சங்கதி. நான் திரும்பி வந்ததுக்கு பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வைக்கப் போறதாவும், "மரணத்தை வென்ற மாவீரரே வருக"ன்னு வாசகம் ரெடியா இருக்கிறதாவும் கேள்விப்பட்டேன். வேண்டாம். மரணத்தை நான் ஜெயிக்கலை. இன்னும் மாசாமாசம் ரத்தப் பரிசோதனைக்குப் போய்க்கிட்டு இருக்கேன். அஞ்சு வருஷம் போகணும், அப்போதான் டாக்டர்களே தைரியமாப் பேசுவாங்க. அந்த பிளெக்ஸ் காசை ஒன்றியப் பொருளாளர்கிட்ட கொடுங்க. அதை டோனர்களுக்குப் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவுக்குன்னு தனியா வைக்கிறோம். சாப்பிடாமல் போன அந்த அஞ்சாறு பேர் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துது.

எங்க ஒன்றியத்துல வர்ற மாசம் முதல் ஞாயிறுல இருந்து கிளை வாரியா ஆரம்பிக்கிறோம். உங்க ஒன்றியத்துலயும் செய்யலாம்னா மாவட்டப் பொறுப்பாளர்கிட்ட பேசுங்க. முறை ரொம்பச் சுலபம். கிளைக்கு ஒரு நோட்டு. பேரு, வயசு, குரூப், கடைசியாக் கொடுத்த தேதி. பிளேட்லெட் கொடுக்கச் சம்மதம்னா பேருக்கு நேரா ஒரு புள்ளி. நோட்டு யார்கிட்ட இருக்கோ அவர் போன் ராத்திரியும் ஆன்ல இருக்கணும். கூப்பிடுறவங்ககிட்ட நோயாளி எந்தக் கட்சி, எந்தச் சாதின்னு கேக்கக் கூடாது. குரூப்பும் ஆஸ்பத்திரி பேரும் மட்டும் கேட்டா போதும்.

பேர் கொடுக்க விரும்புறவங்க உங்க போன் நம்பரைக் கமெண்ட்ல போடாதீங்க, கண்டவங்க கைக்குப் போயிடும். கிளைச் செயலாளரை நேர்ல பார்த்துக் கொடுங்க. குரூப் தெரியாதவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துட்டு வாங்க. அந்த வாசல்ல உட்கார்ந்திருந்த தம்பிதான் எங்க ஒன்றியத்துக்கு நோட்டு வச்சிருக்கான். உங்க குரூப் என்னன்னு கேக்காமல் அவன் உங்களை விடமாட்டான்.